சுராங்கனிக்கு முந்தைய பயணம்

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. உப்பளப் பக்கமிருந்து காற்று வீசுகிறது. பந்தி முடிந்து பெரியவர்கள் நாற்காலிகளில் சாய்ந்துவிட்டார்கள். மேடையில் கீபோர்டுக்காரர் டிரம்ஸ்காரரைப் பார்த்துத் தலையசைக்கிறார். தக்கிட தக்கிட என்று ஓர் உருட்டல். பாட்டின் முதல் சொல் வருவதற்குள் பாதிக் கூட்டம் எழுந்துவிடுகிறது. வரப்போவது ‘சுராங்கனி’ என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அறுபது வயது அத்தைக்கும் தெரியும்.

அந்த உருட்டலுக்கு பைலா என்று பெயர். ‘பைலார்’ என்றால் போர்ச்சுக்கீசிய மொழியில் ஆடுவது. மேற்கத்திய இசைக்காரர்கள் இதன் கணக்கை ஆறுக்கு எட்டு என்பார்கள். நம் ஊர்க்காரர்கள் திஸ்ர நடை என்பார்கள். கும்மியும் நையாண்டி மேளமும் அடிக்கடி இந்த நடையில்தான் போகின்றன. அதனால் முதல்முறை கேட்கும் தமிழ்க் காதுக்கும் இது அந்நியமாகப் படுவதில்லை. ஆனால் இது நம் வாசலுக்கு வந்த வழி நேர்வழியல்ல. லிஸ்பனில் கிளம்பி, மொசாம்பிக்கில் ஆளேற்றி, கொழும்பின் இரவு விடுதிகளில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

போர்ச்சுக்கீசியர் இலங்கைக் கரையைத் தொட்டது 1505இல். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் எங்கள் முத்துக்குளித்துறைக்கும் வந்துவிட்டார்கள். முத்துச் சலாபம் யார் கையில் என்ற சண்டையில் பரதவர்கள் அவர்களுடைய துணையைத் தேடினார்கள். 1530களின் நடுவில் ஞானஸ்நானம் நடந்தது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். தூத்துக்குடிக்கு பெர்னாண்டோ, ரோச், மச்சாடோ, மிராண்டா, ரோட்ரிக்ஸ் என்ற குடும்பப் பெயர்கள் அப்படிக் கிடைத்தன. பனிமய மாதாவின் சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பது ஊர் வழக்கு.

பெயர் வந்தது, வேதம் வந்தது. தாளம் மட்டும் எதிர்க்கரையில் தங்கிவிட்டது. அதற்குக் காரணம் ஆட்கள்தான் என்பது என் எண்ணம். இலங்கையில் போர்ச்சுக்கீசியர் கோட்டைகளைக் கட்டிக் குடியமர்ந்தார்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து, குறிப்பாக மொசாம்பிக் பக்கமிருந்து, அடிமைகளையும் படைவீரர்களையும் கொண்டுவந்தார்கள். கஃபிர் என்று அழைக்கப்பட்ட அந்த மக்களின் தாளமும் போர்ச்சுக்கீசிய நாட்டுப்பாடலும் கலந்து பிறந்ததுதான் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டப்பாட்டு. பெயரிலேயே ஆப்பிரிக்கரும் இருக்கிறார், ‘இஞ்ஞா’ என்ற போர்ச்சுக்கீசியச் செல்ல விகுதியும் இருக்கிறது.

1658இல் டச்சுக்காரர்கள் ஒரே ஆண்டில் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கப் பாதிரிமார் துரத்தப்பட்டார்கள். கோவாவில் பிறந்த யோசேவ் வாஸ் அடிகள், 1687இல் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர வேண்டியிருந்தது. மதத்துக்கு அவ்வளவு கெடுபிடி. ஆனால் பாட்டுக்கு யார் தடை போட முடியும்? டச்சு அதிகாரிகளின் வீடுகளிலேயே ஆயாவும் சமையல்காரரும், பல வீடுகளில் மனைவியும், பேசியது போர்ச்சுக்கீசிய மொழி. தாலாட்டு அந்த மொழியில், கல்யாண ஆட்டம் அந்த மொழியில். ஆண்டவர்கள் போன பிறகும் அவர்களுடைய மொழியும் ஆட்டமும் மூன்றரை நூற்றாண்டு நின்றன.

இதே குடும்பத்துக் கிளைகள் வேறு துறைமுகங்களிலும் முளைத்தன. மலாக்காவில் போர்ச்சுக்கீசிய வம்சாவளியினர் ‘ஜிங்கிலி நோனா’ என்று ஒரு பாட்டு பாடுகிறார்கள். அதன் அக்காள் தங்கைகள் இலங்கையின் ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவரான பறங்கியர் வீடுகளிலும் கோவாவிலும் உண்டு. இந்தியக் கரைகளிலும் மலாக்காவிலும் போர்ச்சுக்கீசியரிடம் இருந்த ஆட்களை டச்சுக்காரர்கள் பிடித்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய் விடுதலை செய்தார்கள். அந்த மக்கள் குடியமர்ந்த துகு என்ற ஊரில்தான் இந்தோனேசியாவின் குரொஞ்சோங் இசை வேர்விட்டது. அதற்கு உயிர் கொடுத்தது ஒரு சின்னப் போர்ச்சுக்கீசிய கிடார். அதே வகைக் கிடாரை 1879இல் மதீராத் தீவினர் ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு உகுலேலே என்று பெயர் விழுந்தது.

இலங்கைக்குத் திரும்புவோம். ஆங்கிலேயர் தங்கள் கஃபிர் படைப்பிரிவைக் கலைத்த பிறகு, வீரர்களின் குடும்பங்கள் புத்தளம் பக்கம் சிராம்பியடியில் தங்கின. அவர்கள் பாடும் மாஞ்சாப் பாட்டுக்குப் பெரிய வாத்தியம் வேண்டாம். போத்தலும் கரண்டியும் தேங்காய்ச் சிரட்டையும் போதும். மட்டக்களப்பில் பறங்கியர்கள் வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆடினார்கள். தச்சரும் கொல்லரும் தையற்காரரும் மிகுந்த சமூகம் அது. கொழும்பின் கனவான்கள் இதைக் கீழ்த்தட்டு ஆட்டம் என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்தவர் ஒரு காவல்துறைக்காரர். காலியில் பிறந்த வாலி பாஸ்டியன் (1914–1985). பைலாவில் அதற்கு முன் புகழ்பெற்றிருந்தது வாதப் பைலா. இரண்டு பேர் மேடையில் நின்று, கொடுத்த தலைப்பில் அங்கேயே பாட்டுக் கட்டிப் போட்டி போடுவார்கள். நம் லாவணிக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். பாஸ்டியன் கஃப்ரிஞ்ஞா மெட்டுகளை எடுத்து, சிங்களத்தில் எளிய சொற்களைப் போட்டு, கூட்டம் சேர்ந்து பாடும்படி பல்லவி வைத்தார். அவருக்குப் பின் வந்த எம்.எஸ். பெர்னாண்டோவுக்கு ரசிகர்கள் பைலா சக்கரவர்த்தி என்றே பட்டம் சூட்டினார்கள்.

இந்த நேரத்தில் தூத்துக்குடிப் பிள்ளை ஒருவரைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. 1927இல் இங்கே பிறந்த ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ். பெயரின் ஒரு பாதி மணிலாக் கப்பலில் வந்தது, மறுபாதி லிஸ்பன் கப்பலில் வந்தது. தந்தை விடுதலைப் போராட்டக்காரர். குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. பையன் வளர்ந்தது அங்கேதான். 1943 வாக்கில் சென்னைக்கு வந்து, பிறகு சந்திரபாபு என்ற பெயரில் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தார். குரலைச் சட்டென்று உச்சிக்குத் தாவவிடும் யோடலிங்கைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். ‘புதையல்’ (1957), ‘சபாஷ் மீனா’ (1958) காலத்து அவருடைய கால்களைப் பாருங்கள். எலும்பே இல்லாதது போல் வளையும் அந்த ஆட்டத்தைச் சென்னையின் எந்த நட்டுவனாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அது துறைமுக நகரம் ஒன்றில் வளர்ந்த உடம்பு.

அறுபதுகளின் கொழும்பு எப்படி இருந்தது? காலிமுகத் திடலின் ஓரத்தில் 1864இலிருந்து நிற்கும் கால்ஃபேஸ் ஹோட்டல். அதற்குள் கோகனட் குரோவ் என்ற இரவு விடுதி. தெற்கே கல்கிசையில் மவுண்ட் லவினியா ஹோட்டலின் லிட்டில் ஹட். கடல் அலைச் சத்தத்துக்கு மேலே சாக்ஸபோனும் எலக்ட்ரிக் கிடாரும். மிக்னோன் பெர்னாண்டோவின் ஜெட்லைனர்ஸ் குழுவும் அதில் பாடிய டெஸ்மண்ட் டி சில்வாவும் அந்த நகரத்தின் நட்சத்திரங்கள். வாசிப்பதெல்லாம் லண்டனிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்த இசைத்தட்டுகளின் நகல். ட்விஸ்ட், ச்சா ச்சா ச்சா, பீட்டில்ஸ். நள்ளிரவு தாண்டி டைகள் தளர்ந்த பிறகு, ஆட்டத்தின் கடைசிச் சுற்றாகத்தான் பைலா மேடையேறும். பிறகு யாரும் உட்காரமாட்டார்கள். அந்த வழக்கம் இலங்கை விருந்துகளில் இன்னமும் மாறவில்லை.

நகலெடுப்பதில் இன்னொரு திருப்பமும் நேர்ந்தது. 1956இல் ஹாரி பெலபோண்டேயின் ‘கலிப்ஸோ’ இசைத்தட்டு உலகம் முழுக்க விற்றது. கொழும்பு இளைஞர்கள் அதில் மயங்கினார்கள். நோயல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ், நெவில் பெர்னாண்டோவின் லாஸ் கபலேரோஸ் என்று ஸ்பானியப் பெயர் சூட்டிக்கொண்ட குழுக்கள் கிளம்பின. கரீபியன் தீவுகளின் இசையும் ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்கரை ஏற்றிக் கொண்டுபோனதில் பிறந்ததுதான். 300 ஆண்டுகளுக்கு முன் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்த பங்காளிகள் கொழும்பின் ஒரு மேடையில் சந்தித்தார்கள், உறவு தெரியாமலே. 1966இல் வந்த மூன்ஸ்டோன்ஸ் குழுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் எலக்ட்ரிக் கிடாரோடு சிங்களத்திலேயே பாட, நகல் மெல்ல மெல்லச் சொந்தச் சரக்காக மாறியது.

முத்தையாபுரத்துக்காரர் யாரும் கோகனட் குரோவுக்கு டிக்கெட் எடுத்திருக்கமாட்டார். ஆனால் கொழும்பின் இசை இங்கே வீட்டுக்குள் வந்தது. அதற்குக் காரணம் ஒரு போர்.

இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமை இலங்கையில் இருந்தது. படைவீரர்களுக்காக ஏக்கலையில் 100 கிலோவாட் ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார்கள். அது வேலைக்குத் தயாரானபோது போர் முடிந்திருந்தது. அந்த ராட்சதக் கருவி இலங்கை வானொலியின் கைக்கு வந்து, 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டே ஆண்டில் தில்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. 1957 அக்டோபரில் விவித் பாரதி பிறந்ததே அந்தக் காதுகளைத் திரும்பப் பிடிப்பதற்காகத்தான். தென்கோடித் தமிழர்கள் அதற்குள் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்குப் பழகிவிட்டிருந்தார்கள்.

எங்கள் கரைக்கு இன்னொரு சலுகையும் இருந்தது. கொழும்பு இங்கிருந்து சுமார் 150 கடல் மைல். சென்னை அதைப்போல் இரண்டு மடங்கு. நடுவில் மலை இல்லை, காடு இல்லை, உப்புத் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் நல்ல மின்கடத்தி என்பதால் மத்திய அலை கடல்மேல் அதிகம் தேயாமல் ஓடிவரும். உப்பு விளைவித்துப் பிழைக்கும் ஊருக்குப் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்ததும் உப்புதான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய்விரித்த தோணிகள் அப்போது நிறைய. கடலில் தண்டலும் தோணிக்காரர்களும் நேரில் கேட்டுவந்த மெட்டை, கரையில் ரேடியோ சரிபார்த்துக் கொடுத்தது.

அறுபதுகளின் பிற்பகுதியில் இலங்கைத் தமிழர்களும் இந்தத் தாளத்தில் இறங்கினார்கள். அவர்கள் எழுதும் முறைப்படி அது ‘பொப்’ இசை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணத்துப் பேச்சை பைலாவின் தோளில் ஏற்றியது. ஏ.ஈ. மனோகரன் மேடையில் ஆடிக்கொண்டே பாடினார். எழுபதுகளில் ‘சுராங்கனி’ அவரோடு கடல் தாண்டியது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லும் அந்தப் பாட்டு மீன்பிடிக் கரையில் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்டார், மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினார்கள். அதன்பின் அது யாருடைய பாட்டு என்று கேட்பதையே தமிழ்நாடு விட்டுவிட்டது. மனோகரன் சிலோன் மனோகர் என்ற பெயரில் தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாக நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். சினிமா பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியும், ஆடுகிறவர்களுக்குப் பாட்டுத் தெரியும். இரண்டும் ஒருவரே என்று தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

கொழும்பின் அந்த இரவுகள் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தன. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலம் பேசிய பறங்கியர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. அவர்களோடு பல வாத்தியக்காரர்களும் போனார்கள். இன்று மெல்பர்னில் ஒரு இலங்கைக் கல்யாணம் பைலா இல்லாமல் முடியாது.

மட்டக்களப்பு டச்பார் பகுதிப் பறங்கியர் 2004 டிசம்பர் 26 சுனாமியில் பலரை இழந்தார்கள். எஞ்சியவர்களின் கல்யாண வீடுகளில் இன்னும் கஃப்ரிஞ்ஞா ஆடப்படுகிறது. வயலின்காரர் வில்லை எடுக்கிறார். இணைகள் எதிரெதிரே நிற்கின்றன. முத்தையாபுரத்துப் பந்தலிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே நிறுத்தினால், அந்தப் போர்ச்சுக்கீசியச் சொற்களில் ஒன்றும் அவருக்குப் புரியாது. முதல் தக்கிடவில் கால் மட்டும் சரியாக விழும்.