கழுத்தில் எழுதிய வயது

1709-இல் சீனப் பேரரசர் காங்சி மஞ்சூரியாவை வரைபடமாக்க அனுப்பிய குழுவில் பியர் ஜார்த்து என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் இருந்தார். வழியில் ஜின்செங் செடியைப் பார்த்தார், வரைந்தார், வேரைத் தின்றும் பார்த்தார். 1711-இல் எழுதிய கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு யூகத்தையும் சேர்த்தார்: இதே மாதிரி மலையும் காடும் கொண்ட கனடாவிலும் இது முளைக்கலாம்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. மான்ட்ரியல் அருகே மோஹாக் மக்களிடையே வாழ்ந்த லஃபித்தோ பாதிரியார் கடிதத்தைப் படித்துவிட்டுத் தேட ஆரம்பித்தார். 1716-இல் செடி கிடைத்தது. "இது எங்க மருந்துதானே" என்ற பொருளில் சொன்னார் அங்கிருந்த ஒரு மோஹாக் பெண். இதைத்தான் நாம் கண்டுபிடிப்பு என்கிறோம்.

கான்டனில் நல்ல விலை என்றதும் எல்லோரும் காட்டுக்குள் இறங்கினார்கள். பருவம் வருமுன்பே தோண்டி, நிதானமாக உலர்த்தாமல் அடுப்புச் சூட்டில் காயவைத்து அனுப்பினார்கள். 1750-களின் தொடக்கத்தில் சீன வணிகர்கள் அந்தச் சரக்கையே வேண்டாம் என்றுவிட, கனடாவின் வணிகம் சரிந்தது. ஆனால் தெற்கே அப்பலாச்சிய மலைகளில் தோண்டல் நிற்கவில்லை. 1784-இல் நியூயார்க்கிலிருந்து சீனா சென்ற முதல் அமெரிக்க வணிகக் கப்பலான 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா'வின் முக்கியச் சரக்கு, சுமார் 30 டன் ஜின்செங்.

இந்த அவசரம் எதுவும் செடிக்குத் தெரியாது. விழுந்த விதை முளைக்கவே பெரும்பாலும் ஒன்றரை வருடம். காய்க்க இன்னும் சில வருடங்கள். ஆண்டுதோறும் தண்டு உதிரும்போது வேரின் கழுத்தில் ஒரு தழும்பு விழும். எண்ணினால் வயது தெரிந்துவிடும்.

1975-இல் இது சைட்டிஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இன்று அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாகும் காட்டு வேருக்குக் குறைந்தது 5 வயது ஆகியிருக்க வேண்டும். அதாவது, அதே தழும்புக் கணக்கு. தோண்டுபவர் பழத்தின் விதைகளை அங்கேயே ஊன்றிவிட்டு வரவேண்டும்.

'சாகுபடி பண்ணினால் பிரச்சினை தீராதா?' என்று நானும் நினைத்தேன். விஸ்கான்சினில் நூறாண்டுகளுக்கு மேலாக நிழல்பந்தலுக்குக் கீழே வளர்க்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் கொழுத்த, வழவழப்பான வேர். வாங்குபவரோ கோணல்மாணலான, கழுத்து நீண்ட காட்டு வேருக்குத்தான் பல மடங்கு கொடுக்கிறார். காத்திருந்ததற்கான விலை அது. காத்திருந்தது செடி, காசு தோண்டியவருக்கு.