துத்தநாகமும் ஆண்மையும்: ஒரு சத்து மாத்திரையின் வரலாறு

ஆண்களுக்கான சத்து மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 'ஜிங்க்' என்ற பெயர் இருக்கும். தமிழில் துத்தநாகம். தகரக் கூரைக்கும் டார்ச் லைட் பேட்டரிக்கும் உதவும் அதே உலோகம்தான்! இது ஆண்மலட்டுத்தன்மைக்கு மருந்தாக வந்த கதை ஈரானில் தொடங்குகிறது.

பீகாரில் உள்ள பக்ஸரில் பிறந்தவர் ஆனந்த பிரசாத். பாட்னாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்த அவர் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகருக்கு வேலைக்குப் போனார். அங்கே ஒரு நோயாளியைப் பார்த்தார். வயது 21. தோற்றமோ 10 வயதுச் சிறுவன் போல. பருவ வளர்ச்சியே இல்லை. கடுமையான ரத்தசோகை வேறு. அவருடைய சாப்பாடு பெரும்பாலும் வெறும் ரொட்டிதான், இறைச்சி கிடையாது. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. இதே நிலையில் மேலும் பலர் வந்தார்கள்.

ரத்தசோகைக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் அதனால் மட்டும் பருவ வளர்ச்சி நின்றுவிடுமா? துத்தநாகம் இல்லாமல் எலிகள் வளராது என்பது 1934லேயே தெரிந்த விஷயம். மனிதனுக்கும் அப்படித்தானோ என்று பிரசாத் சந்தேகப்பட்டார்.

அடுத்து அவர் எகிப்து சென்றார். அங்கும் இதே போன்ற இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுடைய ரத்தத்திலும் முடியிலும் துத்தநாகம் குறைவாக இருப்பதை 1963இல் வெளியிட்டார். துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் வருடத்துக்கு 5, 6 அங்குலம் வளர்ந்தார்கள். பருவ மாற்றங்களும் சில மாதங்களில் வந்தன.

காரணம் ரொட்டியில் இருந்தது. தானியத்தின் தவிட்டில் 'ஃபைட்டேட்' என்ற பொருள் உண்டு. அது துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. மாவு நன்றாகப் புளித்தால் ஃபைட்டேட் குறையும். அவர்கள் சாப்பிட்டதோ புளிக்காத ரொட்டி!

எங்கும் கிடைக்கிற துத்தநாகம் மனிதனுக்குக் குறையுமா என்று பல நிபுணர்கள் நம்ப மறுத்தார்கள். 1974இல்தான் அமெரிக்கா அதை அவசியமான சத்தாக ஏற்று, தினசரி அளவையும் நிர்ணயித்தது. 1980இல் பிரசாத் குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. தன்னார்வலர்கள் சிலருக்கு உணவில் துத்தநாகத்தைக் குறைத்தபோது விந்தணு எண்ணிக்கை விழுந்தது. திரும்பக் கொடுத்தபோது மெல்ல ஏறியது.

2002இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தால் கருவுறுதிறன் குறைந்த ஆண்களுக்கு நல்ல விந்தணுக்கள் 74% கூடுகின்றன என்றது. மாத்திரைகளுக்கு இது பெரிய விளம்பரமாயிற்று.

ஆனால் 2020இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வின் முடிவு வேறு. குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 2370 தம்பதிகள் அதில் கலந்துகொண்டார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. குழந்தை பிறந்தது மருந்து சாப்பிட்டவர்களில் 34%, போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 35%! விந்தணு எண்ணிக்கையும் கூடவில்லை. வயிற்று உபாதைதான் கூடியது.

அப்படியானால் பிரசாத் சொன்னது பொய்யா? இல்லை. அவர் பார்த்தவர்களுக்கு உண்மையான பற்றாக்குறை இருந்தது, மாத்திரை அதை நிரப்பியது. வெறும் குடத்தில் ஊற்றினால் நிறையும். நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். அதிகத் துத்தநாகம் உடலில் தாமிரச் சத்து சேர்வதையும் தடுக்கும். குழந்தைக்காக ஏங்குபவர்களுக்குக் காசை விடக் காலம் பெரிது. மாத்திரையை நம்பி மாதங்களைக் கழிக்காமல், கணவனும் மனைவியும் முதலில் பரிசோதனை செய்துகொள்வதே நல்லது.