ஸ்காபரோ றெயிலின் கதை

ரொறொன்ரோவின் முதல் நிலக்கீழ் றெயில் 1954இல் ஓடத் தொடங்கியது. கிழக்கே கென்னடி வரை அது வந்து சேர 1980 ஆகிவிட்டது. அங்கிருந்து ஸ்காபரோவுக்குள் ஸ்ரீட்கார் பாதை போடுவதே முதல் திட்டம். மாகாண அரசோ, தன்ர நிறுவனம் உருவாக்கிய புதுவகை றெயிலைத்தான் போட வேணுமெண்டு நின்றது. 1985இல் அது ஓடியது. கடும் பனி கொட்டினால் அடிக்கடி படுத்துவிடும்! சனம் கென்னடியில் இறங்கி மாறி ஏறவேண்டிய கரைச்சல் வேறை.

மாற்றுத் திட்டமாவது ஒழுங்காய் வந்ததா? முதலில் மீண்டும் ஸ்ரீட்கார் மாதிரியான இலகு றெயில் என்றார்கள். 2013இல் நகரசபை மூன்று தரிப்புகளோடு நிலக்கீழ் றெயில் என்றது. 2016இல் ஒரே தரிப்பு. 2019இல் மாகாண அரசு திரும்பவும் மூன்று என்றது.

இதற்கிடையில் 2023 யூலையில் பழைய றெயிலின் கடைசிப் பெட்டி கழன்று தடம்புரண்டு ஐந்து பேர் காயப்பட்டனர். நவம்பரில் மூட இருந்த சேவை அன்றோடு நின்றது. புதுப் பாதை முடியும்வரை எங்கட ஆக்களுக்கு பஸ்தான்.