தைராய்டு மிகைச்சுரப்பும் கல்லீரல் கேடும்: கேமரன் மலைத் தோட்டங்களை முன்னிறுத்திய ஓர் ஆய்வு

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டு, மலேசியாவின் கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் உழைத்துவரும் மக்களுள் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், காமாலையென்று கீழாநெல்லியை நாடுவதும், சம்சு என்னும் மலிவுச் சாராயக் குடியின் விளைவென்று முடிவுகட்டுவதும் எளிது. ஆனால் அவருடைய தேகம் மெலிந்து, விரல்கள் நடுங்கி, நெஞ்சு ஓயாது படபடத்து, பசி மட்டும் குன்றாதிருக்குமானால், வியாதியின் மூலம் தைராய்டுச் சுரப்பியில் இருக்கக்கூடும் என்பதும், அதனைப் பரிசோதிக்கும் நாளிலேயே கல்லீரலையும் பரிசோதித்தல் அவசியம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இத்தொடர்பு வைத்தியவுலகு நெடுங்காலமாக அறிந்ததே. கண் பிதுங்கிய கழலை நோயுடன் இதயக் கோளாறும் காமாலையும் கூடி மரணத்தில் முடிந்த ஒரு நோயாளியின் வரலாற்றை, 1874இலேயே லண்டன் கய்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹேபர்ஷன் வெளியிட்டார். 1950இல் மையர்ஸ் முதலியோர் செய்த ஆய்வோ, தைராய்டு மிகைச்சுரப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தம் பெருகினும் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தம் அதற்கேற்பப் பெருகுவதில்லை என்பதைப் புலப்படுத்தியது. கல்லீரலின் பிராணவாயுத் தேவை உயர்ந்தும் வரத்து உயராமையின், பிராணவாயு மிகக் குறைந்த ரத்தத்தைப் பெறுகின்ற, மையச் சிரையைச் சூழ்ந்த உயிரணுக்களே முதலில் நலிகின்றன.

இதயத் தளர்ச்சியால் ரத்தம் தேங்குவதே முழுக் காரணம் என்று வாதிப்பாருளர். தேக்கம் கேட்டினை மிகுவிப்பது மெய்யே. எனினும், இதயம் தளராத நோயாளரிடத்தும் கல்லீரல் நொதிகள் உயர்ந்து காணப்படுதலின், அவ்வாதம் முழுமை பெறாது. அந்நொதிகளுள் ஒன்றாகிய ஆல்கலைன் பாஸ்படேஸின் உயர்வோ எலும்பிலிருந்தும் நேருமாதலால், அஃதொன்றையே கல்லீரல் கேட்டின் சான்றாகக் கொள்ளுதலும் தகாது.

சிக்கல் முற்றுவது சிகிச்சையில்தான். தைராய்டுச் சுரப்பைத் தணிக்கும் மருந்தாகிய கார்பிமசோல் அரிதாகப் பித்தத் தேக்கத்தை உண்டாக்கும். அவ்வகை மருந்தேயாகிய புரொப்பைல்தயோயுராசிலோ கல்லீரல் உயிரணுக்களையே அழிக்கவல்லதாகலின், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இல் அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. நோயினால் விளைந்த காமாலைக்கு மாத்திரையைத் தொடர்வதே பரிகாரம். மாத்திரையால் விளைந்ததற்கு அதனை நிறுத்துவதே பரிகாரம். முதல் மாத்திரைக்கு முன் எடுத்த பரிசோதனை இல்லையேல், இவ்விரண்டையும் பிரித்தறிதல் பெரிதும் கடினமாகும். பிழைபட நிறுத்தினால் நோய் பொங்கி உயிருக்கே ஆபத்தான நெருக்கடியாகலாம்; 1993இல் பர்ச், வார்டோஃப்ஸ்கி இருவரும் வகுத்த அளவுகோலில், அந்நெருக்கடியைச் சுட்டும் 45 புள்ளிகளுள் காரணம் விளங்காத காமாலைக்கு மட்டும் 20 அளிக்கப்பட்டிருத்தல் இங்கு நினையத்தக்கது.

தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை உண்டு. ஆயினும், விசேஷ சிகிச்சை வேண்டுவோர் வளைந்து செல்லும் மலைப்பாதையில் ஈப்போ முதலிய நகரங்களுக்கு இறங்க நேர்வதால், ஒருமுறை எடுக்கும் ரத்தத்தின் மதிப்பு இங்கே பன்மடங்கு உயர்கிறது. ஆதலின், நடுக்கமும் மெலிவும் கண்ட தொழிலாளியைத் தோட்டத்து மருத்துவ உதவியாளராகிய டிரஸ்ஸர் மருத்துவமனைக்கு அனுப்பும்போது அவ்விலக்ஷணங்களைக் குறிப்பில் தவறாது எழுதுக. மருத்துவர் தைராய்டுக்கும் கல்லீரலுக்கும் ஒரே வேளையில் ரத்தம் எடுப்பாராக. தமிழராயினும், வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோராயினும், தோட்டத் தொழிலாளர் யாவருக்கும் இது சலுகையன்று, உரிமை.