சிங்கப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுவெளியும் தலைமுறை உறவும் (1960–2018)

முன்னுரை

பல தலைமுறையினர் வாழும் நகரக் குடியிருப்பில் வீட்டுக்கு வெளியிலுள்ள பொதுவெளி எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினாவுக்குச் சிங்கப்பூர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடி வந்துள்ளது. அவ்விடைகள் மூன்று கட்டங்களாக மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது. வயதுக்கேற்ப இடங்களைப் பிரித்தளிப்பதைவிட, பலருக்கும் பொதுவான நிழலிடங்களே தலைமுறைகளை இணைக்க வல்லன என்பது இதன் கருத்தாகும்.

கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோற்றுவிக்கப்பட்டது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ சுமார் 16,000 பேரை வீடற்றவராக்கியது. அதன்பின் அடுக்குமாடிகளுக்கான குடியேற்றம் விரைவுபெற்றது. தமிழர் 'கம்பம்' என வழங்கும் கம்போங்கில், முதியோர் அமர்வதற்கும் சிறுவர் ஆடுவதற்கும் வீட்டு முற்றமே இடமாயிருந்தது. அடுக்குமாடி வீட்டுக்கு முற்றமில்லை. தரைத்தளத்தை வீடுகளின்றித் திறந்துவிடும் முறை அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்தது. 1970களில் அது பொது வழக்காயிற்று. மலாய்த் திருமணங்களும் சீனர் இறுதிச் சடங்குகளும் அங்கு நடைபெற்றன; முதியோர் சதுரங்கம் ஆடினர்; சிறுவர் பந்து விளையாடினர். ஒரே பயன் என்று விதிக்கப்படாமையே அவ்விடத்தின் வலிமை. பின்னாளில் பந்து விளையாட்டைத் தடுக்கும் அறிவிப்புப் பலகைகள் தோன்றியமை அவ்வலிமை குறைந்ததைக் காட்டுகிறது.

வயதுவாரிப் பிரிப்பு

கோர் இயன் கீ வடிவமைத்து 1979இல் தோ பாயோவில் அமைந்த டிராகன் விளையாட்டுத்திடல், சிறுவர்க்கென உருவான பொதுவெளிக்குச் சிறந்த சான்று. மணற்பரப்பின்மேல் எழுந்த அவ்வுரு இன்றும் நிலைத்துள்ளது. காலப்போக்கில் முதியோர்க்கான உடற்பயிற்சி மூலைகளும் பெருகின. இவ்வாறு ஒவ்வொரு வயதினரும் தமக்குரிய இடத்தைப் பெற்றனர். எனினும் திடலருகே நிழலும் இருக்கையும் இல்லையெனில், பேரனை அழைத்து வரும் பாட்டி அங்கு நெடுநேரம் தங்க இயலாது. கருவிகளின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவே இங்குக் கருதத்தக்கது.

கம்போங் அட்மிரல்டி

அத்தொலைவைக் குறைக்கும் முயற்சி உட்லண்ட்ஸ் பகுதியில் அமைந்த கம்போங் அட்மிரல்டி. வோஹா நிறுவனம் வடிவமைத்த இவ்வளாகம் 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கீழே கூரையிட்ட பொதுமன்றும், இடையே மருத்துவ நிலையமும், மேலே படிப்படியாக உயரும் கூரைத்தோட்டமும் முதியோர்க்கான 104 வீடுகளும் உள்ளன. குழந்தைப் பராமரிப்பு நிலையமும் முதியோர் நடுவமும் அருகருகே அமைந்துள்ளன. தோட்டத்தில் குடியிருப்பாளர் பயிரிடுவதற்கும் இடமுண்டு. பெயரில் மீண்ட கம்போங், இங்குச் செங்குத்தாக அடுக்கப்பட்ட முற்றமாகிறது.

முடிவுரை

எனினும் அவ்வீடுகள் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கே உரியவை. ஆகவே தலைமுறைகள் கூடும் இடம் வீடன்று, மன்றும் தோட்டமுமே. கம்பத்தில் முற்றம் வீட்டின் நீட்சியாக இருந்தது. இங்கோ வீடு தராத உறவைத் தரவேண்டிய பொறுப்பு முற்றத்தின்மேல் விழுகிறது. எனவே நிலவெளி வடிவமைப்பைக் கட்டடம் முடிந்தபின் சேர்க்கும் அணியாகக் கொள்ளாது, குடியிருப்புக் கொள்கையின் உறுப்பாகவே மதிப்பிடுதல் வேண்டும்.