புராஸ்டேட் புற்றுநோய்: நுண்துளை அறுவைச் சிகிச்சை

சுரப்பியைத் தாண்டிப் பரவாத புராஸ்டேட் புற்றுநோய்க்கு, வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமராவின் துணையுடன் சுரப்பியை முழுதாக அகற்றும் முறை. புதுச்சேரி ஜிப்மரில் படித்த மணி மேனன், 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இதை ரோபோ வழியே செம்மைப்படுத்தினார். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு 2022இல் ரோபோ வந்தது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையைவிட இம்முறையில் ரத்த இழப்பு குறைவு. வீடு திரும்புவதும் விரைவு. ஆனால் 2018இல் வெளியான ஆஸ்திரேலிய ஒப்பீட்டு ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலியல் செயல்பாட்டிலும் திறந்த அறுவைக்கும் ரோபோ அறுவைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே கருவியைவிட அறுவை மருத்துவரின் அனுபவமே முதன்மையானது.

ஏற்காட்டின் செம்மநத்தம் போன்ற மலையூரில் கூலி வேலையை நம்பி வாழ்பவருக்கு விரைவான குணமே பெரிதல்லவா எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானது, எனினும் எம்முறையிலும் சிறுநீர் வடிகுழாய் சில நாள் இருக்கும், சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. அறுவையைத் தள்ளிப்போட்டால் நோய் முற்றாதா என்ற அச்சமும் உண்டு. பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வில் உடனடிச் சிகிச்சையற்ற கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு ஆகிய மூன்று பிரிவுகளிலும் 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 3 சதவீதமே. கண்காணிப்பில் நோய் பரவல் மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே தீவிரம் குறைந்த நோயாளி ரோபோவைத் தேடி அவசரமாகச் சென்னைக்குச் செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள சேலத்திலேயே நிதானமாக ஆலோசித்து முடிவெடுக்கலாம்.