தீயோன்பால் அனுதாபம்: திரைப்பட ஒழுக்கவிதியின் வரலாறு திருச்சபைக்குக் கற்பிப்பது

கொடியவன் செய்யும் வன்செயலைக் காண்போர் அவன்பால் அனுதாபம் கொள்ளுமாறு ஒரு கதையை அமைத்துக் காட்டலாமா? திரைப்படம் பற்றிய உரையாடல்களில் அடிக்கடி எழும் இக்கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் ஏறத்தாழ கி.பி. 200-இல் பொதுக் காட்சிகளைக் குறித்துத் தனி நூலே எழுதினார். ஞானஸ்நானத்தில் பிசாசையும் அவனுடைய ஆடம்பரங்களையும் வெறுத்து விட்டவன் வாட்போர் அரங்கிலும் நாடக அரங்கிலும் அமரலாகாது என்பது அவருடைய வாதம். அகுஸ்தீனார் இதனினும் நுட்பமாகச் சிந்தித்தார். தமது 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில், நண்பர் அலிப்பியு உரோமையில் வாட்போர் காணத் தோழர்களால் இழுத்துச் செல்லப்பட்டதை விவரிக்கிறார். அலிப்பியு கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஆனால், திரண்டிருந்த மக்களின் பேரொலி செவியில் விழவே, கண்களைத் திறந்தார். திறந்தவுடன் இரத்த வெறிக்கு அடிமையானார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அலிப்பியுவை வீழ்த்தியது ஒரு கொடியவன்மேல் அவர் கொண்ட இரக்கமன்று. தம்மைச் சூழ்ந்திருந்த நல்ல குடிமக்களின் ஆரவாரமே அவரை வீழ்த்தியது. ஒருவனுடைய தீவினையைக் கண்டும் அவன்மேல் இரங்குதல் ஒன்று. வன்செயலுக்கு உள்ளத்தால் உடன்படுதல் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் நேர்ந்த தடுமாற்றத்தை 1915 முதல் 1968 வரையுள்ள அமெரிக்கத் திரைப்பட வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வரலாற்றில் திருச்சபைக்குப் பெரும் பங்கு இருந்தமையால் அது நமக்குரிய பாடமுமாகும்.

1. வீரனாக வந்த கொடியவன்

1915 பெப்ருவரி மாதத்தில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம், திரைப்படம் வெறும் வணிகமே என்றும், கருத்துரிமைப் பாதுகாப்பு அதற்கு இல்லை என்றும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில், டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் திரையிடப்பட்டது. அதன் மூலக்கதையான நாவலை எழுதிய தாமஸ் டிக்ஸன், பாப்டிஸ்டு சபையின் போதகராகப் பணியாற்றியவர்.

உள்நாட்டுப் போருக்குப்பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை இப்படம் அச்சுறுத்தும் கூட்டமாகச் சித்திரித்தது. அவர்களை ஒடுக்கிய கு க்ளக்ஸ் கிளான் என்னும் இரகசியக் குழுவினரோ வெண்ணிற அங்கி அணிந்த மீட்பர்களாகக் காட்டப்பட்டனர். கறுப்பினத்தவன் ஒருவனைக் குழுவினர் தாமே விசாரித்துக் கொன்று உடலை ஒரு வீட்டு வாசலில் எறிகின்றனர்; கதை அச்செயலை நீதி என்று காட்டுகிறது. இறுதியில் கறுப்பினத்தார் வாக்களிக்க இயலாதபடி ஆயுதத்தால் தடுக்கப்படுகின்றனர். அதன்பின் திரையில் தோன்றுவது கிறிஸ்துவின் உருவம்! 1909-இல் தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் இப்படத்தைத் தடைசெய்யப் பல நகரங்களில் போராடியது. எனினும் கூட்டம் குறையவில்லை.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நன்றி கூறும் நாளன்று இரவு, முன்னாள் மெதடிஸ்டுப் போதகரான வில்லியம் ஜோசப் சிம்மன்ஸ் சிலரை அழைத்துக்கொண்டு ஜார்ஜியா மாநிலத்து ஸ்டோன் மலையின்மேல் ஏறிச் சிலுவை ஒன்றைக் கொளுத்தி, மறைந்துபோன கிளானை மீண்டும் தொடங்கினார். பழைய கிளானுக்குச் சிலுவை கொளுத்தும் வழக்கம் இருந்ததில்லை. டிக்ஸனின் கற்பனையில் பிறந்த அச்சடங்கு, படத்தின் வழியாக மலையுச்சிக்கு வந்தது. சில நாட்களில் படம் அருகிலிருந்த அட்லாண்டா நகரில் திரையிடப்பட்டது. அதனையொட்டிக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரமும் வெளியாயிற்று. 1920-களில் இக்குழு இலட்சக்கணக்கானோரைச் சேர்த்தது. சீர்திருத்தத் திருச்சபைகளைச் சேர்ந்த வெள்ளையரை மட்டுமே அது உறுப்பினராக ஏற்றது என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

2. ஒழுக்கவிதி எழுந்த வகை

திரையுலக ஊழல்களால் மக்கள் சினமடைந்திருந்த வேளையில், 1922-இல், படத் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவராக வில் ஹேஸ் அமர்த்தப்பட்டார். அவர் நாட்டின் அஞ்சல்துறை அமைச்சராக இருந்தவர். பிரஸ்பிட்டேரியன் சபையின் மூப்பர். 1927-இல் அவருடைய அலுவலகம் வெளியிட்ட பட்டியலில், கவனத்துடன் கையாளவேண்டிய 25 பொருள்களுள் குற்றவாளிகளின்மேல் அனுதாபம் என்பதும் ஒன்று. பட்டியலைத் தயாரிப்பாளர் பொருட்படுத்தவில்லை. ஆகவே கத்தோலிக்கப் பதிப்பாளரான மார்ட்டின் குவிக்லியும், இயேசு சபைக் குருவான டேனியல் லார்டும் முழுமையான விதித்தொகுப்பு ஒன்றை ஆக்கினர். அது 1930 மார்ச் 31-ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பார்வையாளரின் அனுதாபம் குற்றம், தீமை, பாவம் ஆகியவற்றின் பக்கம் ஒருபோதும் சாய்க்கப்படலாகாது என்பது அதன் முதற்கொள்கை.

இவ்விதியைக் குறுகிய மனத்தினர் எழுதிய தடையென ஒதுக்குவோர், அதனுடன் இணைந்த விளக்கவுரையை வாசிப்பதில்லை. பாவம் செய்தவன்மேல் அனுதாபம் கொள்வதும் அவன் செய்த பாவத்தின்மேல் அனுதாபம் கொள்வதும் ஒன்றல்ல என்று அவ்வுரை திட்டமாகக் கூறுகிறது. கொலைஞனின் நிலைக்காக நாம் வருந்தலாம்; அவனைக் குற்றத்துக்கு நடத்திய சூழ்நிலைகளை உணரலாம்; அவன் செய்த தீங்குக்கு மட்டும் உடன்படலாகாது. அகுஸ்தீனாரும் தலையசைத்திருக்கக்கூடிய பகுப்பு இது. விதியில் எழுதப்பட்ட இப்பகுப்பு நடைமுறையில் என்னவாயிற்று?

3. தண்டனைக் கணக்கு

1931-இல் 'லிட்டில் சீசர்', 'பப்ளிக் எனிமி' ஆகிய படங்களும், 1932-இல் 'ஸ்கார்ஃபேஸ்' படமும் வெளிவந்தன. மூன்றிலும் கதைத்தலைவன் கொள்ளைக் கும்பலைச் சேர்ந்தவன்; மூன்றிலும் இறுதியில் அழிகிறான். 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில், குடிமக்களைக் கடிந்து பேசும் ஒரு காட்சி பின்னர் சேர்க்கப்பட்டது. கதைத்தலைவன் தூக்கிலிடப்படுவதாக வேறொரு முடிவும் படமாக்கப்பட்டது. எனினும், இறுதி ஐந்து நிமிடத் தண்டனை முந்தைய ஒரு மணி நேரக் கவர்ச்சியை அழிக்குமா என்னும் ஐயம் பலருக்கு இருந்தது. கத்தோலிக்கர் 1934-இல் ஒழுக்கப் பாதுகாப்புப் படையை அமைத்தனர். சீர்திருத்தத் திருச்சபையினரும் யூதரும் பலர் அதற்குத் துணைநின்றனர். அவ்வாண்டு ஜூலை முதல் ஜோசப் பிரீன் என்பாரின் அலுவலகச் சான்றிதழின்றிப் படம் வெளியிடும் நிறுவனம் 25,000 டாலர் அபராதம் செலுத்தவேண்டும் என்றாயிற்று.

பிரீனின் ஆட்சியில் லார்டு குருவின் நுண்ணிய பகுப்பு ஒரு கணக்காகச் சுருங்கியது. தீமை காட்டப்பட்டால் அதனை ஈடுசெய்யும் நன்மையும் தண்டனையும் அதே படத்தில் இடம்பெறவேண்டும். தண்டனை நிறைவேறியதா என்று அலுவலகம் பார்த்தது. வன்செயலில் காண்போர் மனம் மகிழ்ந்ததா என்பதை அக்கணக்கு அளக்கவில்லை. 1935-இல் வெளிவந்த 'ஜி-மென்' படம் இதற்குச் சான்று. 'பப்ளிக் எனிமி' படத்தில் கொள்ளையனாக நடித்த ஜேம்ஸ் கேக்னி இதில் அரசுத் துப்பறிவாளர். துப்பாக்கியும் துடிப்பும் அவையே. சுடுபவர் சட்டத்தின் பக்கம் நிற்பதால் விதி நிறைவேறிற்று. மேலும், வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் இடையே காதலைக் காட்டலாகாது என்று இதே விதி தடுத்தது. சமய ஊழியரைக் கொடியவராகச் சித்திரிப்பதையும் தடுத்தது. வெண்ணிற அங்கியும் எரியும் சிலுவையுமாக வந்த கொடுமையினின்று அது கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

'லிட்டில் சீசர்' ஒரு திருமறை வசனத்தோடு தொடங்குகிறது: மத்தேயு 26:52. பட்டயத்தை எடுப்போரின் முடிவைப் பற்றிய அவ்வசனம் கொள்ளையன்மேல் கூறப்பட்ட தீர்ப்பாக அங்கே நிற்கிறது. ஆனால், ஆண்டவர் அதனை யாரிடம் கூறினார்? தம்மைப் பிடிக்க வந்த ஆயுதக் கூட்டத்தாரிடம் அன்று; தமக்காகப் பட்டயத்தை உருவிய தம்முடைய சீடனிடமே கூறினார். நல்ல நோக்கத்தோடு எழும் வன்செயலைப் பற்றிய எச்சரிக்கை அது. திரையுலகம் அதனைப் பிறர்மேல் சுமத்தியது போலவே நாமும் சுமத்திவிடுதல் எளிது.

4. வெறுமையான நாற்காலி

ஒழுக்கவிதியின் ஆட்சிக்குப் புறம்பாக, 1931 மே மாதத்தில் பெர்லினில் திரையிடப்பட்ட 'எம்' என்னும் படத்தை இங்கே ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய அப்படத்தில், பீட்டர் லோரி குழந்தைகளைக் கொல்லும் ஒருவனாக நடித்தார். எல்ஸி என்னும் சிறுமி கொல்லப்படுவதைப் படம் காட்டவில்லை. தாய் அழைக்கும் குரல், உணவு மேசையருகே வெறுமையான இடம், புல்லில் உருண்டுவரும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன்: இவற்றையே காண்கிறோம். பின்னர் நகரத்துத் திருடரும் கொள்ளையருமே கொலைஞனைப் பிடித்துத் தம் நீதிமன்றத்தில் நிறுத்துகின்றனர். தன்னை ஆட்கொண்டு துரத்தும் வெறியைத் தன்னால் அடக்க இயலவில்லை என்று அவன் கதறும்போது நாம் அதிர்ந்துபோகிறோம். அவன் மனிதன் என்பதை மறுக்க இயலவில்லை. எல்ஸியின் இடம் நிரம்பிவிட்டதாகவும் தோன்றவில்லை. படத்தின் முடிவில் நாம் கேட்பது மகனோ மகளோ இழந்த தாயின் குரல். கொலைஞனைக் கொன்றாலும் குழந்தைகள் திரும்பி வாரார் என்பதே அதன் பொருள்.

1934-இல் நாத்சி அரசு இப்படத்தைத் தடைசெய்தது. 1940-இல் யூதர்மேல் வெறுப்பை மூட்டுவதற்காக அவ்வரசு வெளியிட்ட 'நித்திய யூதன்' என்னும் படத்தில், யூதரான லோரியின் அக்கதறற்காட்சி வெட்டி ஒட்டப்பட்டது. யூதர் கொலைஞனுக்குப் பரிந்து பேசுவோர் என்று காட்டுவதே நோக்கம். இரக்கத்தைக் குற்றமாக்கிய அவ்வரசு அடுத்து என்ன செய்தது என்பதை உலகம் அறியும். கொடியவன்மேல் இரக்கம் அடியோடு கூடாது எனச் சொல்ல விரும்புவோர் இவ்வரலாற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

5. விதியின் முடிவு

1952-இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றித் திரைப்படத்துக்கும் கருத்துரிமை உண்டு என்றது. ஒழுக்கவிதி படிப்படியாகத் தளர்ந்தது. 1967-இல் வெளிவந்த 'பானி அண்ட் கிளைட்' அதன் இறுதிக்கட்டத்தைக் குறிக்கிறது. 1934-இல் சுட்டுக் கொல்லப்பட்ட இரு கொள்ளையரின் கதை அது. கேலியும் இசையுமாகச் செல்லும் படத்தில், வங்கி ஊழியர் ஒருவர் முகத்தில் சுடப்படும்போது சிரிப்பு திடீரென நின்றுவிடுகிறது. அக்கணம் படத்தின் நேர்மையைக் காட்டுவதாகும். 'நியூயார்க் டைம்ஸ்' விமரிசகர் பாஸ்லி குரோதர் படத்தை வன்மையாகக் கண்டித்தார். 'நியூஸ்வீக்' விமரிசகரோ முதல் வாரம் கண்டித்து மறுவாரம் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஆயினும், படம் காட்டாதவை சில உள. உண்மை வரலாற்றில், 1934 ஏப்ரல் 1-ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, டெக்சாஸ் மாநிலத்தில் நெடுஞ்சாலைக் காவலர் இருவர் இக்கும்பலால் கொல்லப்பட்டனர். அவர்களுள் இளையவருக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. மணமகளாகவேண்டியவர் அடக்க ஆராதனைக்குத் திருமண ஆடையில் வந்தார். படம் அந்த ஆடையைக் காட்டவில்லை. மாறாக, கும்பலைப் பின்தொடர்ந்த காவல் அதிகாரி அவர்களிடம் அகப்பட்டு அவமானப்பட்டதாக, நிகழாத ஒன்றைக் காட்டியது. அவருடைய மனைவி வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு, 1968 நவம்பரில், வயது வகைப்பாட்டு முறை நடைமுறைக்கு வந்தது, ஒழுக்கவிதி மறைந்தது.

6. காயீனும் ஆபேலும்

இவ்வரலாற்றை ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தின் ஒளியில் நோக்குவோம். முதற்கொலைஞனான காயீன் தன் தண்டனையின் பாரத்தைச் சொல்லி முறையிடுகையில் தேவன் செவிகொடுக்கிறார். அவனை எவரும் கொல்லாதபடி அடையாளம் இடுகிறார். ஆனால் அதற்கு முன்னரே ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுவதையும் அவர் கேட்டிருக்கிறார். காயீனுக்கு இட்ட அடையாளம் அக்கூக்குரலை அடக்கவில்லை. அக்கூக்குரலும் அடையாளத்தை அழிக்கவில்லை. கொடியவனின் உள்ளத்தைத் திறந்து காட்டும் கலைக்குத் திருமறை தரும் அளவுகோல் இதுவே எனலாம். ஆபேலின் இரத்தக்குரல் கேட்கும் இடத்தில் காயீன்மேல் இரங்கலாம், இரங்கவும் வேண்டும். ஆபேலை மறைத்துவிட்டுக் காயீனைக் காட்டும் படம், இறுதியில் அவனைத் தூக்கிலிட்டாலும், நம்மை அவனுடைய செயலுக்கு உடன்படுத்தியிருக்கும். கிரிஃபித்தின் படமோ ஆபேலையே கொடியவன் எனக் காட்டிற்று. அதுவே எல்லாவற்றிலும் கொடிய முறை.

வாலிபரோடு ஒரு படத்தைப் பற்றி உரையாடும் போதகர், 'வில்லன் தண்டிக்கப்பட்டானா?' என்று மட்டும் வினவிவிட்டு அமைதல் போதாது. மாண்டவனுக்குப் பெயரும் தாயும் வெறுமையான நாற்காலியும் உண்டா? கதாநாயகன் அடித்து நொறுக்கியபோது நாம் ஏன் கைதட்டினோம்? இவ்விரண்டையும் வினவவேண்டும். பின்னையது முன்னையதினும் கடினமானது.

பிரசங்க பீடத்திலும் நாம் கதை சொல்லுகிறோம். ஏகூத், யாகேல், சிம்சோன் ஆகியோரின் செயல்களை விவரிக்கையில் சபையின் உள்ளத்தில் எதனை எழுப்புகிறோம் என்று நம்மையே சோதித்தல் தகும். தெபொராளின் வெற்றிப்பாட்டு, ஏளனமாகவேனும், பலகணியில் காத்து நிற்கும் சிசெராவின் தாயை நமக்குக் காட்டிவிடுகிறது. அவளைக் கடந்து செல்லும் பிரசங்கி, வசனத்தின் ஒரு பகுதியை விட்டுவிடுகிறான்.

நாத்தான் சொன்ன கதையைக் கேட்டபோது தாவீதின் அனுதாபம் சரியான இடத்திலேயே இருந்தது. ஆட்டுக்குட்டியை இழந்த ஏழைக்காக அவன் இரங்கினான். ஐசுவரியவான்மேல் கடுங்கோபங்கொண்டு மரணத்தீர்ப்புக் கூறினான். ஒழுக்கவிதியின் அலுவலர் ஒருவர் அவனிடம் குறை காண இயலாது. உரியாவின் இரத்தமோ அவனுடைய கைகளில் இருந்தது. கதையில் தான் கண்ட கொடியவன் தானே என்று அவன் அறிந்தபின்னரே மனந்திரும்புதல் தொடங்கிற்று.